துப்பாக்கி துடைக்க என்ன வாங்குவது? குழலுக்குள்ளிருந்து தொடங்குவோம்

சுட்டு முடித்த துப்பாக்கியின் குழலுக்குள், அழுக்கைக் கரைக்கும் திரவமான சால்வென்டில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைத் தள்ளுங்கள். மறுமுனையில் விழுந்ததை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மை போலக் கறுத்திருந்தால் அது வெடிமருந்துக் கரி. சற்று ஊறவிட்ட பிறகு தள்ளிய துணியில் நீலமோ பச்சையோ ஏறியிருந்தால் செம்பு. சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் செதில்கள் ஒட்டியிருந்தால் ஈயம். செங்காவிக் கோடு தெரிந்தால் துரு. நான்கு நிறத்துக்கும் நான்கு வேறு வைத்தியம். எந்தப் புட்டி நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன் இந்தத் துணியைக் கேட்டுவிட வேண்டும்.

பலரும் தொடங்குவது வேறு இடத்தில். அழகான பெட்டியில் வரிசையாக அடுக்கிய பிரஷ்கள், மூன்று நான்கு துண்டாகத் திருகி இணைக்கும் தடி, குட்டிப் புட்டிகள் என்று ஐம்பது சாமான் கொண்ட கிட் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதில் தம்மிடம் உள்ள துப்பாக்கிக்குப் பொருந்துவது ஐந்தோ ஆறோதான் இருக்கும். அந்த ஐந்தும் பெரும்பாலும் மலிவான ரகமாக இருக்கும். ஒரே ஒரு துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தேவை நல்ல தடி ஒன்று, தடியின் நுனியில் துணியைக் குத்திப் பிடிக்கும், அந்தக் குழல் அளவுக்கான ஜாக் ஒன்று, பிரஷ் இரண்டு, பருத்தித் துணி, ஒரு சால்வென்ட், ஒரு எண்ணெய், ஒரு சிமிழ் கிரீஸ். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைத் தடிக்குச் செலவிடுங்கள். திரவங்களில் நடுத்தரமானதே போதும், தடியில் மட்டும் சிக்கனம் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். துடைக்கும்போது வெடிக்கும் துப்பாக்கிகள் எல்லாமே "காலி" என்று நம்பப்பட்டவைதான். தோட்டாக்கள் அடுக்கிய மேகஸினைக் கழற்றுவது முதலில், தோட்டா அறையின் பின்புறத்தை மூடும் போல்ட்டை அல்லது ஸ்லைடை இழுத்துத் தோட்டா அறையைக் காலி செய்வது அடுத்து. இந்த வரிசை மாறினால், அறையிலிருந்த தோட்டா வெளியே விழுவதைப் பார்த்துத் திருப்தியடைந்து கையை விடும்போது, மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். பிறகு அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். குழாய் வடிவ மேகஸின் உள்ளதென்றால் அதன் உள்ளே தள்ளுதட்டு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த மேசையில் மட்டுமல்ல, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. சில கைத்துப்பாக்கிகளைப் பிரிக்க விசையை ஒரு முறை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இதில் சலுகையே கிடையாது.

படிவது என்ன, ஏன் படிகிறது

கரி எல்லாத் துப்பாக்கியிலும் படியும். வெடிமருந்து எரிந்த புகையும் எரியாத துகளும் சூட்டில் ஒட்டிக்கொள்கின்றன. புதிதாக இருக்கும்போது மென்மையாகத் துணியோடு வந்துவிடும். நாள்கணக்கில் விட்டு, மறுபடி சுட்டு, மறுபடி விட்டால் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். குறிப்பாகத் தோட்டா அறைக்குச் சற்று முன்னால், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள்வரி தொடங்கும் இடத்தில் ஒரு வளையமாகக் கட்டிக்கொள்ளும். .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில் (0.22 அங்குலக் குழல், அடி விளிம்பில் ஊசி பட்டு வெடிக்கும் தோட்டா) தோட்டா முழுதாக உட்காராமல் அடம்பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வளையத்தைத்தான்.

செம்பு, செம்புக் கலவை உறையிட்ட குண்டுகளிலிருந்து வருவது. அதிவேகத்தில் உராயும்போது உறையின் மெல்லிய படலம் குழலில் பூசிக்கொள்கிறது. கரியைக் கரைக்கும் சாதாரண சால்வென்ட் இதை அவ்வளவாகத் தொடாது. ஈயம், உறையில்லாத குண்டுகளிலிருந்து வருவது, எனவே .22களிலும் வார்த்த ஈயக் குண்டு போடும் ரிவால்வர்களிலும் அதிகம். ஈயத்தைப் பாதுகாப்பாகக் கரைக்கும் திரவம் என்று நம்பி வாங்கத் தக்கது அரிது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஷாட்கன் குழலில் நாலாவதாக ஒன்று சேரும். ரவைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் குழல் சுவரில் உருகித் தீற்றிய கோடுகள் அவை.

ஐந்தாவது உப்பு. பழைய ராணுவச் சேமிப்பிலிருந்து வந்த தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது ஊசி பட்டதும் முதலில் தீப்பற்றும் அடிப்பாகத்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் தங்கும். சமையல் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஈரப்பதமான நாளில் ஒரே இரவு போதும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி மூடி வைத்தால் துரு எண்ணெய்க்கு அடியில் நிம்மதியாக வளரும். கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரைத் தோட்டா அறைப் பக்கமிருந்து புனல் வைத்து ஊற்றுங்கள், சூடான குழல் தானே காயத் தொடங்கும், மிச்ச ஈரத்தைத் துணியால் எடுத்து, வழக்கமான துடைப்பை முடித்து எண்ணெயிடுங்கள். போல்ட்டின் முகத்தையும் வாயு செல்லும் பாகங்களையும் விட்டுவிடக் கூடாது, உப்பு அங்கேயும் போகும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் வேலை செய்வது அம்மோனியா அல்ல, தண்ணீர்.

பழைய வகை வெடிமருந்தான கரும்பொடியைப் போடும் துப்பாக்கிகளுக்கும் இதே விதிதான். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும், பெட்ரோலிய எண்ணெய் அந்தக் கரியோடு சேர்ந்தால் தார்போல் பிசுபிசுக்கும்.

தடி

குழலைத் தேய்க்கும் துடைப்புத் தடியால் கெட்ட துப்பாக்கிகள், சுட்டுச் சுட்டுத் தேய்ந்தவற்றைவிடக் குறைவல்ல. இதைப் புரிந்துகொள்ள, குழல்வாயின் விளிம்பை ஒரு சிறு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். சுருள்வரிகள் முடிகிற அந்த வட்டம்தான் குண்டு குழலைக் கடைசியாகத் தொடும் இடம். விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால், பின்னால் தள்ளும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் வெளியேறும். ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் வாயு அங்கே முந்திக்கொண்டு குண்டின் அடியை ஒதுக்கும். குறி அகன்று போகும், அதாவது குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். முன்பக்கமிருந்தே தடியை விட்டு இழுத்துப் பழகிய பழைய ரைஃபிள்களில் விளிம்பின் ஒரு புறம் வழுவழுவென்று சரிந்திருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் பின்பக்கமிருந்து, தோட்டா அறை வழியாகத் தடியை விட வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போர் கைடு என்னும் குழாயைச் செருகினால் தடி நடுக்கோட்டில் ஓடும், சால்வென்ட் விசைப் பகுதிக்குள் ஒழுகாது. பெரும்பாலான லீவர் ரைஃபிள்கள், சில பழைய தானியங்கிகள், ரிவால்வர் ஆகியவற்றில் முன்பக்கமிருந்துதான் முடியும். அப்போது குழல்வாயில் பொருந்தும் கூம்பு வடிவப் பித்தளைக் காப்பைத் தடியில் கோத்துக்கொள்ளுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் அந்த விளிம்பைக் காப்பது அதுதான்.

தடி ஒரே துண்டாக இருக்கட்டும். திருகு இணைப்புள்ள தடியில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிறு படி. அழுத்தும்போது தடி வளைந்து அந்தப் படி சுருள்வரியில் உரசும். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் நல்லது என்று தோன்றும், உண்மையில் அந்த மென்மையில் மணல் துகள் பதிந்து தடியே உப்புத்தாளாக மாறிவிடும். பித்தளைக்கும் இந்தக் குறை ஓரளவு உண்டு. மேலுறை பூசிய எஃகுத் தடியோ கார்பன் ஃபைபர் தடியோ என் தேர்வு. இரண்டையும் ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு துணியால் ஒரு முறை துடைத்துவிட வேண்டும். கைப்பிடியில் பால் பேரிங் இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்தபடி தடியின் நுனியைச் சுழற்றிப் பாருங்கள், தடங்கலின்றிச் சுழன்றால் வாங்குங்கள். சுருள்வரியைப் பின்பற்றித் தடி தானாகத் திரும்பினால்தான் பிரஷ் பள்ளங்களுக்குள் ஓடும், இல்லாவிட்டால் மேடுகளின் மேல் தாண்டித் தாண்டிப் போகும்.

தடியின் தடிமன் குழலுக்கு ஏற்றதாக, நுழையக்கூடியதில் பெரியதாக இருக்கட்டும். மெல்லிய தடி வளையும். .22 அளவுத் தடி .22 முதல் .26 வரைக்கும் போதும், .27க்கு மேல் .30 தடி. நீளம் போர் கைடையும் சேர்த்து அளந்து வாங்க வேண்டும். திருகு அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறைத் தடிகளில் பெரும்பாலும் 8-32 திருகு, ஷாட்கன் சாமான்களில் 5/16-27. பிரிட்டிஷ், ஐரோப்பியத் தயாரிப்புகள் சில இவற்றோடு சேராது.

இழுகயிறு வகையும் உண்டு. கயிற்றின் நடுவே பித்தளை இழைகள் நெய்து, பின்பகுதி துணிபோல் தடித்திருக்கும். களத்தில் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும், பின்பக்கமிருந்து தடியை விட முடியாத துப்பாக்கிகளிலும் பின்னாலிருந்து போட்டு முன்னால் இழுத்துவிடலாம். குறைகளும் மூன்று. அழுக்கைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வதால் அடிக்கடி சோப்பு நீரில் துவைத்துக் காயவைக்க வேண்டும். சரிவாக இழுத்தால் கயிறே குழல்வாய் விளிம்பில் அரம்போல் உராயும், நேராக இழுக்க வேண்டும். நைந்த கயிறு குழலுக்குள் அறுந்து மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. இழை பிரியத் தொடங்கியதும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஜாக், துணி, பிரஷ்

துணியைக் கோக்கும் ஊசிக்காது போன்ற கொக்கியைவிட, துணியின் நடுவைக் குத்திக்கொண்டு சுற்றிலும் சமமாக அழுத்தும் ஜாக் மேலானது. குழலின் முனைக்கு வந்ததும் துணி தானாக விழும், அழுக்கு மறுபடி உள்ளே திரும்பாது. ஆனால் பித்தளை ஜாக்கில் ஒரு பொறி இருக்கிறது. செம்பு சால்வென்ட் பித்தளையிலுள்ள செம்பையும் கரைக்கும். குழல் பளிச்சென்று இருக்கும், துணி மட்டும் நீலமாகவே வந்துகொண்டிருக்கும். செம்பு இன்னும் போகவில்லை என்று நினைத்து மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் உண்டு. நிக்கல் பூசிய ஜாக்கோ பிளாஸ்டிக் ஜாக்கோ வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை. இருப்பது பித்தளைதான் என்றால், ஒரு துணியில் சால்வென்டை நனைத்து ஜாக்கின் மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள். வரும் நீலம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும், பஞ்சுபோன்ற ஃபிளானல் இன்னும் நல்லது. பழைய பருத்திப் பனியனை வெட்டிப் பயன்படுத்துவதில் தவறே இல்லை, பாலியெஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. .22க்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் சதுரம், .30க்கு 50, 12 போர் ஷாட்கனுக்கு 75. இவை தொடக்க அளவுகள். தள்ளும்போது இதமான எதிர்ப்பு இருக்க வேண்டும். உள்ளங்கையால் குத்தித் தள்ள வேண்டியிருந்தால் துணி பெரிது, உடனே நிறுத்தி ஓரத்தை வெட்டுங்கள். பாதியில் இறுகி நின்றுவிட்டால் வந்த வழியே பின்னால் இழுக்கப் பாருங்கள். குழலுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பதும் உதவும். மரக்குச்சியை விட்டு அடிப்பதுதான் செய்யவே கூடாதது. மரம் சாய்வாகப் பிளந்து, இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆப்பாகிவிடும்.

பிரஷ்களில் பாஸ்பர் வெண்கலமும் நைலானும் தேவை, எஃகுக் கம்பிப் பிரஷ் குழலுக்கு வேண்டாம். வெண்கலம் எஃகைவிட மென்மையானது, கரியையும் ஈயத்தையும் அசைக்கும், குழலைக் கீறாது. செம்பு சால்வென்ட் போடும்போது மட்டும் நைலானுக்கு மாறுங்கள், இல்லையென்றால் அந்தத் திரவம் பிரஷையும் தின்றுவிடும். பிரஷ் முழுதாக மறுமுனைக்கு வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும், நடுவில் திருப்பினால் கம்பிகள் எதிர்ப்புறம் மடங்கி இறுகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிரஷை எளிதில் ஆவியாகும் ஏதாவது கிரீஸ் நீக்கியில் அலசி வையுங்கள். பிரஷைச் சால்வென்ட் புட்டிக்குள் முக்கவே கூடாது. ஒரு முறை முக்கினால் முழுப் புட்டியும் அழுக்காகிவிடும். சொட்டுச் சொட்டாகப் பிரஷின் மேல் விடுங்கள்.

ஈயத்துக்கு ஒரு மலிவான கருவி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் செம்புச் சுருளில் நாலைந்து இழையை வெட்டித் தேய்ந்த பிரஷில் சுற்றினால் ஈயம் செதில் செதிலாகக் கழன்று விழும். ஆனால் அந்தச் சுருள் முழுச் செம்பா, செம்பு முலாம் பூசிய இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். காந்தம் இழுத்தால் அது குழலைக் கீறும் இரும்பு. இதே ஈயத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் கலந்து ஊறவைக்கும் முறை ஒன்று உலவுகிறது. ஈயம் கரையும்தான். கரைந்து வருவது நீரில் கரையும் நச்சான ஈய அசிட்டேட். வீட்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. அந்தக் கலவை எஃகையும் அரிக்கும்.

புட்டிகள்

பொதுச் சால்வென்ட்களில் ஹாப்பீஸ் நம்பர் 9 1903 முதல் இருக்கிறது, கரிக்கு அதுவோ அதற்கு இணையான வேறொன்றோ போதும். பாலிஸ்டால் 1904இல் ஜெர்மனியில் பிறந்தது, தண்ணீரோடு கலந்தால் பால்போல் வெளுத்துக் கலங்கும். அந்தக் குணத்தால் கரும்பொடிக்கும் உப்புக்கும் உதவும். சிஎல்பி என்ற மூன்றெழுத்துப் புட்டிகள் துடைக்க, வழுக்க, காக்க என்று மூன்று வேலைக்கும் ஒரே திரவம். ராணுவத்தின் தேவைக்காக உருவானவை. ஒரே ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்றால் நான் சிஎல்பியைச் சொல்வேன். மூன்றில் எதையும் அது மிகச் சிறப்பாகச் செய்வதில்லை, எல்லாவற்றையும் போதுமான அளவு செய்கிறது.

செம்புக்குத் தனியாக வேண்டும். அம்மோனியா கலந்தவை வேகமானவை, நெடி மூக்கைத் துளைக்கும். புட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை மீறி, பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு மேல், குழலில் விடக் கூடாது. நிக்கல் முலாமில் படவே கூடாது, முலாமின் அடியிலுள்ள செம்பை அரித்து உரித்துவிடும். வேறொரு சால்வென்ட் உள்ளே இருக்கும்போது இதை ஊற்றாதீர்கள், முந்தியதை முழுக்க எடுத்துவிட்டு ஊற்றுங்கள். அம்மோனியா இல்லாத நுரை வகை மெதுவானது, ஆனால் பொறுமைக்காரருக்கு ஏற்றது. குழலுக்குள் பீய்ச்சி, முனையைச் சற்றுத் தாழ்த்திச் சாய்த்து, குறித்த நேரம் விட்டு, இரண்டு துணியால் எடுத்தால் போதும். தேய்ப்பு குறைவதால் குழலுக்கும் நல்லது.

டபிள்யூடி-40 பற்றிக் கேட்காதவர் இல்லை. 1953இல் ஈரத்தை விலக்குவதற்காக உருவானது, பெயரிலுள்ள டபிள்யூடியும் 'நீர் விலக்கல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரைத் துரத்த நல்லது. மசகாக நெடுநாள் நிற்காது, உறைந்து மெல்லிய பிசினாகும். வாகன பிரேக் துடைக்கும் ஸ்பிரே இரும்புப் பாகத்தை நொடியில் சுத்தமாக்கும், பிளாஸ்டிக் பிடியையும் பெயிண்டையும் மர வார்னிஷையும் அதே வேகத்தில் கெடுக்கும். போட்டால் பாகத்தைத் தனியாகக் கழற்றி, வெளியில் வைத்துப் போட வேண்டும். பிறகு இரும்பு எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறண்டிருக்கும், உடனே எண்ணெயிடாவிட்டால் துரு ஏறும்.

ஒரு ரைஃபிளைத் துடைக்கும் முறை

செம்பு உறைக் குண்டு சுட்ட போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் வெளியே, போர் கைடு உள்ளே, குழல்வாய் சற்றுத் தாழ்ந்து. கரி சால்வென்டில் நனைத்த துணி இரண்டு, ஒவ்வொன்றும் ஒரே திசையில், ஒரே முறை. ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறட்டும். வெண்கலப் பிரஷை நனைத்துப் பத்து முறை போய்வரச் செய்யுங்கள். மீண்டும் நனைத்த துணி இரண்டு, உலர்ந்த துணி இரண்டு. கறுப்பு சாம்பலாகும் வரை இதைத் திரும்பச் செய்யலாம், பனிவெள்ளைக்காக ஏங்க வேண்டாம். பிறகு செம்பு சால்வென்டை நைலான் பிரஷில் பூசி, குறித்த நேரம் விட்டு, துணியால் எடுங்கள். நீலம் மங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். கடைசியாகக் கரி சால்வென்ட் துணி ஒன்று அம்மோனியாவை எடுக்க, உலர்ந்த துணி இரண்டு, எண்ணெய் தடவிய துணி ஒன்று.

போர் கைடு இருந்த இடத்தை மறந்துவிடுவது வழக்கமான பிழை. தோட்டா அறையை அகலமான துடைப்பானால் தனியே உலர்த்துங்கள். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் கூடு சுவரைப் பற்றிக்கொள்ளாது, வெடிப்பின் தள்ளல் முழுவதும் போல்ட் மேல் விழும்.

ஒவ்வொரு முறையும் செம்புவரை போக வேண்டியதில்லை. நன்றாகச் சுடும் குழலில் லேசான செம்பு இருப்பது இயல்பு. முழுக்கத் துடைத்த குழல் முதல் சில குண்டுகளை வேறு இடத்தில் போட்டுவிட்டுப் பிறகுதான் நிலைகொள்ளும். குறி அகலத் தொடங்கும்போது செம்பு எடுப்பது போதும். .22க்கு இன்னும் கொஞ்சமே தேவை, தோட்டா அறையும் போல்ட் முகமும் அடிக்கடி, குழல் எப்போதாவது.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ், எங்கே எதுவும் வேண்டாம்

சுழலும் இடத்துக்கு எண்ணெய், அழுத்தத்தோடு வழுக்கும் இடத்துக்கு கிரீஸ் என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறாது. போல்ட்டின் பூட்டுக் காதுகளின் பின்முகத்தில் குண்டூசித் தலை அளவு கிரீஸ். துருப்பிடிக்கா எஃகுப் போல்ட் என்றால் இது கட்டாயம், ஏனென்றால் அந்த எஃகு தன்னோடு தானே உரசினால் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். இரட்டைக்குழல் துப்பாக்கியின் கீல் முளையிலும் கிரீஸ். கைத்துப்பாக்கி ஸ்லைடின் தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். சில புதிய துப்பாக்கிகளில் தொழிற்சாலையிலேயே தடவிய கிரீஸ் இருக்கும். க்ளாக் துப்பாக்கிகளின் ஸ்லைடில் தெரியும் செம்பு நிறக் குழம்பை அழுக்கு என்று துடைத்துவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே இட்டது.

சுடும் ஊசி ஓடும் துளை வறண்டே இருக்கட்டும். அங்கே போகும் எண்ணெய் கரியையும் பித்தளைத் துகளையும் சேர்த்துச் சேறாகும், குளிரில் கெட்டியாகும், ஊசியின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். தோட்டாவின் பிரைமருக்குள் எண்ணெய் ஊறினாலும் அதே கதி. மேகஸினின் உட்புறமும் வறண்டிருக்க வேண்டியதுதான்.

ரிவால்வரில் கவனிக்க வேண்டிய ஓர் இடம், கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடி. எரியாத வெடிமருந்துச் செதில் ஒன்றே ஒன்று அங்கே சிக்கினாலும் தகடு மயிரிழை உயர்ந்து நிற்கும். தோட்டாவின் பின்விளிம்பு உரசி உருளை சுழல மறுக்கும். தள்ளுகம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷால் தகட்டின் கீழ்ப்புறத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த செதில் எளிதாக ஒட்டும்.

ஷாட்கனில், ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தக் குழல்வாயில் திருகும் சோக் குழாயைக் கழற்றாமலே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் கடைசியில் அதைக் கழற்றவே முடியாமல் நிற்பார்கள். ஒவ்வொரு துடைப்பிலும் கழற்றித் திருகைத் துடைத்து, ஒட்டாமல் காக்கும் கிரீஸை மெல்லத் தடவி மாட்டுங்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். மேலே சொன்ன சால்வென்ட்களும் எண்ணெய்களும் உங்களுக்கல்ல. பெட்ரோலிய எண்ணெய் காற்றழுத்த அறைக்குள் போனால் அழுத்தத்தின் சூட்டில் டீசல் என்ஜின்போல் வெடித்து, சீலையும் ஸ்பிரிங்கையும் பாழாக்கும். உலர்ந்த துணியை நைலான் கயிற்றில் கட்டி இழுத்தாலே அதன் குழலுக்குப் போதும்.

வெளிப்புறமும் கைகளும்

நீலம் ஏற்றிய எஃகின் கருநீலம் வண்ணப்பூச்சு அல்ல, அது இரும்பின் ஒரு வகை ஆக்சைடு. எனவே துரு நீக்கி என்று விற்கும் அமிலங்களும் வினிகரும் துருவோடு அந்த நீலத்தையும் கழற்றிவிடும். மேலோட்டமான துருவுக்கு எண்ணெயில் நனைத்த மெல்லிய வெண்கல இழைச் சுருளால் மெதுவாக, அழுத்தாமல் தேய்த்தால் போதும். மரப்பிடியில் சால்வென்ட் சொட்டினால் அந்தக் கணமே துடைத்துவிடுங்கள். எண்ணெயிட்ட துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் அதிகப்படி எண்ணெய் இறங்கிப் பிடியின் கழுத்தில் ஊறி மரத்தைக் கறுத்து மென்மையாக்கும், அதனால் முதல் இரவு குழல்வாய் கீழாகச் சாய்த்து வையுங்கள். திருகாணிகளுக்கு, நுனி ஆப்புப்போல் சரியாமல் இணையாக முடியும் திருப்புளியை, காடியின் அகலத்துக்கு அச்சாகப் பொருந்துவதாக வாங்குங்கள். சாதாரணத் திருப்புளி காடியின் உதட்டைச் சிதைத்துவிடும்.

கருவிகளைவிட முக்கியம் கைகள். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் உண்டு, அது துணியிலும் பிரஷிலும் விரலிலும் வந்து சேரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், சாப்பிடும் மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், காற்றுப் பீய்ச்சியால் கரியை ஊதாதீர்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் வேண்டாம். பிரஷை உதறும்போது முகத்தில் தெறிக்கும் துளி கண்ணுக்குப் போகாமல் கண்ணாடி அணியுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. சன்னல் திறந்திருக்கட்டும், அருகே நெருப்பு கூடாது.

மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள். மிஞ்சிய சால்வென்டைச் சாக்கடையில் ஊற்றாமல் அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

எடுத்து வைப்பது

விரல்ரேகையின் வியர்வை உப்பே எஃகில் துருவாகும், ஆகவே கடைசித் துடைப்பு கையுறையோடு. எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கட்டும், வழியும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும். பயணத்துக்கு வாங்கிய ஃபோம் மெத்தைப் பெட்டியிலும் தோல் உறையிலும் நாள்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோலில் பதனிடும்போது சேர்ந்த உப்புகள் இருக்கும். பூட்டிய அலமாரியில் ஈரப்பதமானி ஒன்று வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் இரும்புக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகும். அதற்குச் சிலிக்கா ஜெல் போதும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருப்பதால் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் பைக்குரிய குறிப்பின்படி சூடேற்றி ஈரத்தை ஓட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

எடுத்து வைத்த ஒரு வாரத்தில் ஒரு முறை குழலுக்குள் உலர்ந்த துணியைத் தள்ளிப் பாருங்கள். லேசான எண்ணெய் மட்டும் வந்தால் நிம்மதி. கறுப்பு வந்தால், இறுகியிருந்த கரி எண்ணெயில் ஊறி இப்போதுதான் இளகியிருக்கிறது, ஒரு முறை துடைத்துவிடுங்கள். செங்காவி வந்தால் எங்கோ ஈரமோ உப்போ தங்கிவிட்டது, வெந்நீரிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை சுடப் போவதற்கு முன்னும் உலர்ந்த துணி இரண்டைத் தள்ளி எண்ணெயை எடுத்துவிட வேண்டும். பிறகு குழலை வெளிச்சத்தில் பிடித்து, மறுமுனையின் வட்டம் மறைப்பில்லாமல் முழுதாகத் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள்.